அக்கா எந்தப் பக்கம் திரும்பினாள்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அட்டாலியை ஒழித்துக்கொண்டிருந்தேன். பரணை எங்கள் பக்கத்தில் அட்டாலி என்றுதான் சொல்வோம். பித்தளைக் குடங்களையும் ஓட்டை விழுந்த தவலையையும் நகர்த்தியபோது, பின்னால் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்ததும் ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் கபடி ஷூ. நீல நிறம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. வலது ஷூவின் அடிப்பாகம் உள் ஓரத்தில் வழவழவென்று தேய்ந்து, ஒரு கோடுகூட மிச்சமில்லை. இடது ஷூ கிட்டத்தட்டக் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது. ஆனால் அதன் உள் ஓரத்தில் ஓர் இடத்தில் மட்டும் அடிப்பாகம் துணியை விட்டுப் பிய்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கீழே கூடத்தில் அப்பாவும் மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"எடதுதானுங்க மாப்ள. என்ர புள்ள திரும்பறது எனக்குத் தெரியாதா?"

"வலதுங்க மச்சான். வலது பக்கந் திரும்பாம அன்னைக்கு அவ ஊடு வந்து சேர்ந்திருக்கவே முடியாதுங்க."

அக்கா ஒரு நாள் ஆடிய ஒரே ஒரு ரெய்டைப் பற்றிய வழக்கு அது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது சரவணம்பட்டியில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கேண்டீனில் தொலைக்காட்சிக் கபடியைப் பார்த்துவிட்டு என் நண்பர்கள், இந்த ரெய்டர் பெரியவரா அந்த ரெய்டர் பெரியவரா என்று டீ ஆறிப்போகும்வரை மல்லுக்கட்டுவார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு ரெய்டரை எப்படிப் பிரித்து மேய்வது என்பதை இவர்கள் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருக்க வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கணபதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வாலிபத்தில் கபடி அணியில் கார்னர் ஆடியவர். பிடிக்கிற ஆள். அதற்குச் சாட்சியாக இரண்டு விரல்கள் இன்றைக்கும் நேராக நிமிராது. அப்பாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. கபடிக்கோட்டை மிதித்துக்கூடப் பார்க்காதவர். ஆனால் அக்கா பாடிப்போன ஒரு ரெய்டைக்கூட அவர் பார்க்காமல் விட்டதில்லை. தேங்காய் ஏற்ற வந்த லாரியைக் காக்க வைத்துவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் போய் நின்றிருக்கிறார்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு காலத்தில் பேச்சே கிடையாது. அக்கா வயசுக்கு வந்த சீர் நடந்தபோது தாய்மாமனான தன்னை முன்னால் நிறுத்தி அழைக்கவில்லை என்று மாமாவுக்கு மனத்தாங்கல். சீர்த்தட்டோடு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அப்பாவுக்கு மனத்தாங்கல். இரண்டு பேருமே வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. மாமா ஞாயிறு தவறாமல் வருவார், சாப்பிடுவார். "அக்கா, மச்சானுக்கு இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று அம்மாவிடம் சொல்வார். அப்பா, "உன்ர தம்பிய மோர் போட்டுக்கச் சொல்லு" என்பார். நடுவில் அம்மா ஓடிக்கொண்டே இருப்பாள். அக்கா கபடி ஆட ஆரம்பித்த பிறகுதான் இந்த அஞ்சல் போக்குவரத்து நின்றது. அவள் முதல் போட்டியில் ஆடிவிட்டு வந்த அன்று, "என்னங்க மச்சான், போனஸ் கோட்டப் பக்கமே போகமாட்டீங்கறா?" என்று மாமா நேராக அப்பாவிடமே கேட்டுவிட்டார். அப்பாவும் நேராகவே பதில் சொல்லிவிட்டார். அதிலிருந்து இருவரும் அக்காவின் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள். வேறு எதைப் பற்றியும் பேசமாட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டுக்கொண்டதில்லை.

அக்காவின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பொதுவாக ரெய்டு போகிறவர்கள் நடுக்கோட்டைத் தாண்டியதும் இப்படியும் அப்படியும் ஆடி, எதிராளியை அசைத்துப் பார்த்து, சந்து கிடைத்தால் தொடுவார்கள். அக்காவுக்கு இந்தப் பூச்சாண்டியெல்லாம் தெரியாது. கோட்டைத் தாண்டும்போதே முடிவு பண்ணிவிடுவாள். தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக ஓடுவாள். நிற்கிற ஆளைத் தொட்டுவிட்டு, சடாரென்று இடது பக்கமாக ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தைப் பார்க்க வேண்டுமே! முதுகும் தோளும் ஒன்றாகச் சுழலும். பிடிக்க வந்தவள் கையில் காற்றுதான் இருக்கும். அப்படியும் யாராவது இடுப்பைக் கட்டிக்கொண்டால் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து கோட்டில் கையை வைப்பாள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கத் தோப்பில் எதிரணியாக நின்றவர்கள் நானும் அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும்தான். என்னைத் தொட்டுத் தொட்டே அவள் பெரிய ஆட்டக்காரி ஆனாள் என்று நான் இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

ஞாயிறு மத்தியானம் இலையில் உட்கார்ந்ததும் மாமா ஆரம்பிப்பார். இலையின் மேல்பக்கத்தில் பருப்பு வடைகளை வளைவாக அடுக்கி வைப்பார். அவைதான் எதிரணியின் ஏழு பேர். ஒரு முருங்கைக்காய்த் துண்டு அக்கா.

"இங்க பாருங்க மச்சான். இவ உள்ள போறா. போறதுக்கு முன்னாடியே பாட்டு வேகமாயிருது. கபடிகபடிகபடின்னு அவசரப்பட்டா, பாயப்போறான்னு புடிக்கறவளுக்குத் தெரிஞ்சு போகுமில்லீங்க?"

அப்பா நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: "மழைக்கு முன்னாடி இடி இடிக்குதுங்க மாப்ள. அதக் கேட்டுப்போட்டு எத்தன பேரு நனையாம ஊடு போய்ச் சேர்ந்தாங்க?"

"செரி, அதுவாவது போகட்டுங்க. எப்பப் பாத்தாலும் எடது பக்கமே திரும்பறாளே? நான் கார்னர்ல நின்னவனுங்க. ஒரு ஆளு ஒரு பக்கந்தான் திரும்புவான்னு தெரிஞ்சா எனக்கு வேலையே இல்லீங்க. அங்க போய் நின்னுக்குவேன். அவளே என்ர மடியில வந்து உழுந்துருவா."

"உழுந்தாளா? இன்னைக்கு வரைக்கும் ஆராவது மடியில உழுந்திருக்காளா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா கையை நீட்டி மாமாவின் இலையிலிருந்து இடது கார்னரை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். மாமா இன்னொரு வடையை வாங்கி அந்த இடத்தை நிரப்புவார். அம்மா வடை சுடும்போது எப்போதும் ஒரு கை கூடப் போடுவதற்கு இதுதான் காரணம்.

மாமாவின் கட்சியை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: "ஓடறது பெருசில்லீங்க மச்சான், திரும்பி வாரதுதான் பெருசு." இடப்பக்கமே திரும்புவது பயத்தின் அடையாளம் என்பது அவர் எண்ணம். பழகிய வழியை விட்டு இறங்க அவளுக்குத் தைரியம் பத்தவில்லை என்பார். அப்பாவுக்கு இதைக் கேட்டால் மூக்கு விடைத்துக்கொள்ளும். அது அவள் சுபாவம், தன் அம்மாவைப் பெற்ற அப்பிச்சி வழியில் எல்லாரும் நேராக நடக்கிறவர்கள் என்று வம்சாவளியை இழுப்பார். சம்பந்தப்பட்ட ஆட்டக்காரி அந்தப் பக்கம் உட்கார்ந்து மூன்றாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை.

அவள் பள்ளிப்படிப்பை முடித்த வருஷம், மாமா சொன்னது நடந்தது. பக்கத்து வட்டாரத்துப் பெண்கள் அணியோடு இறுதிப் போட்டி. அவர்கள் எங்கள் பெண்களின் ஆட்டத்தை முன்பே வந்து பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அக்கா கோட்டைத் தாண்டியதும் அவர்களுடைய பயிற்சியாளர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: "எடது பக்கந்தான் திரும்புவா. அங்கயே நில்லுங்க!" நின்றார்கள். அக்கா தொட்டாள், திரும்பினாள், மூன்று பேர் மடியில் போய் விழுந்தாள். மறுமுறையும் அப்படியே. அதற்கு அடுத்த முறையும் அப்படியே. நாங்கள் தோற்றோம். அக்கா அழவில்லை. டெம்போவில் வரும்போது கையை விரித்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமாவும், "சொன்னேனுங்களே" என்று சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாமல் போன அந்த ஒரு நாளுக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தோல்வியைக்கூடத் தள்ளிவிடலாம். அடுத்த வாரம் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வு இருந்தது. அதில் தேறினால் உடற்கல்விப் படிப்பில் இடம். தேறாவிட்டால், அக்கா வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு அந்தப் படிப்பு எட்டாது. அவளுக்கோ வேறு எந்தப் படிப்பிலும் மனம் இல்லை. விளையாட்டு டீச்சராகி, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் சின்ன வயதிலிருந்தே அவள் ஆசை. எங்களைத் தோற்கடித்த அந்த அணிப் பெண்களும் அதே தேர்வுக்கு வருகிறார்கள். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே வருகிறார்கள்.

அந்த ஞாயிறு வடை எதையும் யாரும் தொடவில்லை. பயமா சுபாவமா என்று மறுபடியும் வழக்கு ஏறிக்கொண்டே போனது. அப்போது பொடக்காளியில், அதாவது புழக்கடையில், அக்காவின் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து, "தேர்வுக்கு முன்னாடி புதுசு ஒண்ணு வாங்கோணுமுங்க, வலது கால் நெம்பத் தேஞ்சுபோச்சு" என்றாள். மாமா அதை வாங்கிப் பார்த்தார். பட்டறையில் மோட்டாரின் ஷாஃப்ட்டைப் பார்ப்பது போலவே கட்டை விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஷாஃப்ட் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறதோ அதை வைத்து எங்கே இடிக்கிறது என்று சொல்லிவிடுவது அவர் தொழில். வலது காலை ஊன்றித் தள்ளினால்தான் உடம்பு இடது பக்கம் திரும்பும். அதனால் வலது தேய்ந்திருக்கிறது, அது சரி. அவரைக் குழப்பியது இடது ஷூதான்.

"போட்டியில திரும்பலைன்னா செரி. பழகும்போதுகூடவா அம்மணி ஒருக்காலும் வலது பக்கந் திரும்பலே?"

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் எப்படீங்க மாமா திரும்பறது? கம்பி இருக்குதே!" என்றாள்.

மாமா ஷூவைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்தார். பிறகு எல்லோரும் எழுந்து தோப்புக்குப் போனோம்.

எங்கள் தோப்பின் மேற்கு ஓரத்தில், மலையைப் பார்த்த பக்கம், யானைக்காகப் போட்ட சோலார் வேலி ஓடுகிறது. அதன் அடியில் மரமோ செடியோ இருக்கக் கூடாது என்பதால் ஒரு பட்டை நிலத்தை அப்பா சுத்தமாக வைத்திருப்பார். தென்னைக்கு அடியில் கபடி ஆடினால் தலையில் காய் விழும். ஆகவே ஆடுகளத்தை அந்தப் பட்டையில்தான் போட வேண்டும் என்று கோடு கிழித்துக் கொடுத்தவர் மாமா. விழுந்து எழுகிறவர்கள் நாங்கள்தானே என்று, தெற்குப் பாதி மண்ணை மட்டும் கொத்தி மெத்தென்று ஆக்கிக் கொடுத்தவர் அப்பா. அதனால் நாங்கள் எப்போதும் தெற்கே நிற்போம், அக்கா எப்போதும் வடக்கிலிருந்து வருவாள். பக்கம் மாற்றியதே இல்லை. தெற்கு நோக்கி வருகிறவளுக்கு வலது கைப்பக்கம் முழுக்க மின்கம்பி. யானை பொழுது சாய்ந்துதான் வரும். ஆனாலும் போட மறந்துவிடுவோம் என்று அப்பா அதை எந்நேரமும் போட்டே வைத்திருப்பார். ஆளைக் கொல்லாது. பல் கிட்டிப்போகும், அவ்வளவுதான். ஒருமுறை தொட்டவர் மறுமுறை அந்தப் பக்கம் முழங்கையைக்கூட நீட்டமாட்டார்.

அக்கா களத்தின் நடுவில் நின்று வலது பக்கம் திரும்பிக் காட்டினாள். பாதி திரும்பும்போதே முழங்கை தானாக விலாவோடு ஒட்டிக்கொண்டது. மாமா கம்பியைப் பார்த்தார். அப்பா கொத்தி வைத்த மண்ணைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பயம் என்றும் சுபாவம் என்றும் வம்சம் என்றும் இவர்கள் கட்சி கட்டிக்கொண்டிருந்ததெல்லாம் இவர்களே போட்டுக் கொடுத்த கோடும் வேலியும்தான். முதலில் சிரித்தது அம்மா. பிறகு எங்களால் அடக்கவே முடியவில்லை. தோட்டத்துப் பெண்கள் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார்கள். இரண்டு ஆண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தினமும் மாமா பட்டறையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். அக்காவைத் தெற்கிலிருந்து ஓடவிட்டு வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அப்பா பகலில் வேலியை அணைத்துவிட்டு, தானே கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நின்று காட்டினார். "பாரு கண்ணு, ஒண்ணுமில்ல. செத்த கம்பி." அக்காவின் கண் நம்பியது, உடம்பு நம்பவில்லை. கம்பி இல்லாத பக்கத்தில்கூட, வலது என்றாலே முழங்கை ஒட்டிக்கொண்டது. வேகம் பாதியானது. மூன்றாம் நாள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஓடற மாட்ட நிறுத்தி நடை பழக்காதீங்க மாப்ள. இப்ப அவளுக்கு எடதும் போச்சு, வலதும் வல்லே."

"ரெண்டு பக்கமுந் திரும்பத் தெரியாம போனான்னா, அங்க மூணு பேரு காத்துட்டிருக்கறாங்க மச்சான்!"

தேர்வு நாள் வந்தபோது அக்காவிடம் உருப்படியாக இருந்தது ஒரு நல்ல இடதும் ஒரு நொண்டி வலதும்தான். புது ஷூ வாங்கிக் கொடுத்தும் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாள். பழகிய ஷூவோடுதான் போவேன் என்றாள்.

தேர்வு ஓர் உள்ளரங்கத்தில் நடந்தது. நாங்கள் அதுவரை மண்ணில் பார்த்த ஆட்டம், அங்கே மெத்தை விரிப்பின் மேல். வந்திருந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ரெய்டர் ஒவ்வொருவருக்கும் மூன்று ரெய்டு, அதை வைத்து முடிவு செய்வோம் என்று தேர்வாளர் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் எங்களைத் தோற்கடித்த அணியின் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அக்காவைப் பார்த்ததும் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு அவளுடைய இடப்பக்கத்துக்கு நகர்ந்தார்கள். மேலே படிக்கட்டு வரிசையில் மாமாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ரெய்டு. அக்கா பழைய அக்காவாகவே ஓடினாள். தொட்டாள், இடது பக்கம் சுழன்றாள், நேராக அவர்கள் கைக்குள் போனாள். "பாத்தீங்களா மச்சான்?" என்றார் மாமா. இரண்டாவது ரெய்டு. வலது பக்கம் திரும்பப் பார்த்தாள். பாதியில் முழங்கை ஒட்டிக்கொண்டது, தடுமாறினாள், ஒருத்தி எட்டிக் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். "பாத்தீங்களா மாப்ள?" என்றார் அப்பா.

தேர்வாளர் அக்காவுக்குக் கடைசி ரெய்டு என்று விரலைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து இவர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "எடது போ கண்ணு!" என்று அப்பா கத்தினார். "வலது, அம்மணி, வலது!" என்று மாமா கத்தினார். கத்திய வேகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நான் நடுவில் நசுங்கினேன்.

"அவள விடுங்க மாப்ள! எல்லாத்துக்கும் நடுவுல நீங்க எதுக்கு வாறீங்க?"

"நடுவுல வாரேனா? நான் தாய்மாமனுங்க! அன்னைக்கு அவ சீருக்குக்கூட என்னை முன்னால கூப்பிடலே. இன்னைக்கும் ஒதுங்கி நிக்கோணுமா?"

அப்பாவின் முகம் அப்படியே மாறிப்போனது. இத்தனை வருஷம் மூடி வைத்திருந்த பாத்திரம் மூடி தெறித்துத் திறந்துகொண்டது. "கூப்பிடலையா? நீங்க வருவீங்கன்னு வாசல்லயே நின்னனுங்க. நல்ல நேரம் போகுதுன்னு பெரியவங்க அவசரப்படுத்துனாங்க. ஒருத்தரையும் தட்டத் தொட உடாம உங்களுக்காக நின்னேன். நீங்கதான் வல்லே."

"வண்டி பஞ்சராகி நின்னுபோச்சுங்க மச்சான். தட்டத் தலையில வெச்சுட்டு நடந்தே வந்தேன்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்னங்க?"

"நீங்க கேக்கலீங்களே."

இருவர் குரலும் இறங்கியிருந்தது. மாமாவின் கண் கலங்கியிருந்தது. நான் அவர்களைப் பார்க்கவா, கீழே பார்க்கவா என்று தெரியாமல் தவித்தேன். கீழே பார்த்தேன். அதனால் நான் மட்டும் அதைப் பார்த்தேன்.

அக்கா கோட்டைத் தாண்டிவிட்டாள். பாட்டு வேகமெடுத்தது. எதிரணிப் பெண்கள் எல்லோரும் அவளுடைய இடப்பக்கம் குவிந்திருந்தார்கள். வலது அவளுக்கு வராது என்றுதான் சற்று முன்பு பார்த்துவிட்டார்களே. தலையைத் தாழ்த்தி ஓடினாள், கடைசியில் நின்றவளைத் தொட்டாள். வலது பக்கம் திரும்பினாள். பாதியில் அந்த முழங்கை வழக்கம்போல விலாவோடு ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அவள் இடது காலை ஊன்றி ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். ஒட்டிய முழங்கை பிரிந்தது, கை முழுக்க வெளியே விரிந்தது. அங்கே இல்லாத அந்தக் கம்பியை அவள் அறுத்துக்கொண்டு வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அழகான திருப்பம் என்று சொல்லமாட்டேன். தள்ளாடி, ஒரு கையை ஊன்றி, விழுந்து எழுந்து வந்தாள். ஆனால் அந்தப் பக்கம் பிடிக்க ஓர் ஆள் இல்லை. திரும்பி ஓடி வந்தவர்களில் இரண்டு பேர் அவள் இடுப்பைப் பிடிக்க, இருவரையும் சேர்த்து இழுத்தபடி நடுக்கோட்டின் மேல் குப்புற விழுந்தாள். விசில் அடித்தது. அரங்கமே அதிர்ந்தது. நான் என்னையறியாமல் மாமாவின் தோளில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டின் மேல் ஒரு குவியலாகப் பெண்கள் கிடந்தார்கள். அடியில் எங்கள் அக்காவின் கை, கோட்டுக்கு இந்தப் பக்கம்.

"என்னாச்சு கண்ணு? எந்தப் பக்கந் திரும்புனா?" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் என்னைக் கேட்டார்கள். வாயைத் திறந்தேன். இவர்கள் கேட்டது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும், கீழேயிருந்து அக்கா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம் என்ற அசைப்பு. பிறகு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியேறி வந்தவளிடம், ஏன் சொல்ல வேண்டாம் என்று காதோடு காதாகக் கேட்டேன். இடது ஷூ பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூச்சலில் அதை யாரும் கவனிக்கவில்லை.

"என்னைப் பத்தி எல்லாந் தெரியும்னு பேசிட்டிருந்தாங்கல்ல ரெண்டு பேரும்? இது ஒண்ணு தெரியாம இருக்கட்டும். அப்பத்தான் பேசிட்டே இருப்பாங்க" என்றாள்.

அவளுக்கு இடம் கிடைத்தது. இன்றைக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். கழுத்தில் விசில் உண்டு. பிள்ளைகள் பழகும்போது அரை மணிக்கு ஒருமுறை பக்கம் மாறியே ஆக வேண்டும் என்று அவள் கண்டிப்பாக நிற்பதைப் பார்த்து, புதிதாக வருகிற ஆசிரியர்கள் காரணம் புரியாமல் விழிப்பார்களாம். சீர் விஷயம் அன்றோடு தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு அப்பாவும் மாமாவும் மழை, பம்புசெட், சர்க்கரை வியாதி என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இடதா வலதா என்பதில்தான் வந்து நிற்பார்கள். பார்க்காத ஒரு ரெய்டைப் பற்றி இத்தனை உற்சாகமாக யாராலும் சண்டை போட முடியாது.

ஏணியிலிருந்து ஷூவோடு இறங்கினேன். கை கழுவப் பொடக்காளிக்கு வந்த மாமா எதிரே நின்றார். "என்ன கண்ணு அது?" என்று கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. முதலில் வலது ஷூவைப் பார்த்தார், பார்த்தது போதும் என்பதுபோல வைத்துவிட்டார். பிறகு இடது ஷூவை எடுத்தார். நேராக நிமிராத அந்த விரல்களால் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் உள் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். புதிது போலிருந்த இடத்தைத் தாண்டி, பிய்ந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொல்ல எதுவும் மிச்சமில்லை, அவர் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருஷமாக அவர் நடத்திய வழக்கில் அவர் பக்கமே ஜெயித்திருந்தது, சாட்சி அவர் கையிலேயே இருந்தது. கூடத்துக்குள் நாலு எட்டு வைத்து அதை அப்பாவின் முன்னால் போட்டால் போதும்.

மாமா ஷூவைச் செய்தித்தாளில் முன்பு இருந்தது போலவே சுற்றினார். என் கையில் கொடுத்தார்.

"மேலயே வெச்சுரு கண்ணு. நல்லாப் பின்னால தள்ளி வெச்சுப்போடு."

வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போகும்போதே குரல் ஏறிவிட்டது. "நீங்க என்ன சொன்னாலுஞ் செரிங்க மச்சான், அது வலதுதானுங்க!"

"பெரிசா வலதுங்கறீங்களே, நீங்க பாத்தீங்களா மாப்ள?" என்று அப்பா வழக்கம்போலக் கேட்டார்.

"நான் எங்கீங்க பாத்தேன்?" என்றார் மாமா. "உங்களையில்ல பாத்துட்டிருந்தேன்."

அப்பா சிரித்துவிட்டு வடைத்தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைப்பது, மறுபடி ஏறிய ஏணியிலிருந்து தெரிந்தது. நான் பொட்டலத்தைப் பித்தளைக் குடங்களுக்குப் பின்னால், கை எட்டும் மட்டும் தள்ளிவைத்தேன்.